எழுப்பினால் எழுகிறது, ஆனால் இரண்டே நிமிடம்: மூன்று வருட வேக் ஆன் லேன் அனுபவம்

"உன் கம்ப்யூட்டர் ராத்திரி தானா முழிச்சு பேக்கப் எடுக்குதாமே, எனக்கும் செட் பண்ணிக் குடுடா" என்று போன வாரம் நண்பன் கேட்டான். மதர்போர்டு மாற்றி வந்த எரிச்சலில் இருந்தேன், சரி என்று சொல்ல வாய் வரவில்லை.

என் ஏற்பாடு வேக் ஆன் லேன், அதாவது தூங்குகிற கம்ப்யூட்டரை நெட்வொர்க் வழியாக எழுப்புவது. ஹாலில் ஒரு ராஸ்பெரி பை என்ற குட்டி கம்ப்யூட்டர், அதில் 4 டிபி டிஸ்க். ராத்திரி 2:30க்கு பை ஒரு மேஜிக் பாக்கெட், அதாவது எழுப்பும் சிக்னல், அனுப்பும், மாடியறையில் ஸ்லீப்பில் இருக்கும் டெஸ்க்டாப் எழும், பை எஸ்எஸ்எச் (வேறொரு கம்ப்யூட்டருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம் உள்ளே போய் அன்று மாறிய ஃபைல்களை இழுத்துக்கொள்ளும். விண்டோஸில் இருக்கும் டாஸ்க் ஷெட்யூலரே குறித்த நேரத்தில் எழுப்புமே என்று கேட்பீர்கள். எழுப்பும்தான். ஆனால் என் டெஸ்க்டாப்புக்கு அந்த டிஸ்க் கண்ணிலேயே படக்கூடாது, நாளைக்கு ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஏதாவது புகுந்தால் பேக்கப்பும் சேர்ந்து போகும். அதனால் இழுக்கிற வேலை பையுடையது. கம்ப்யூட்டரை நாள் முழுக்க ஓடவிடலாம் என்றால் சும்மா இருந்தாலே 60 வாட், இரண்டு மாத பில்லில் 86 யூனிட் அதுவே தின்றுவிடும்.

அந்த பாக்கெட் மேல் மட்டும் எனக்கு இன்னும் பிரியம் போகவில்லை. எஃப்எஃப் என்ற ஒரே மதிப்பில் ஆறு பைட், அப்புறம் மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டின் ஆறு பைட் அடையாள நம்பர்) பதினாறு முறை, மொத்தம் 102 பைட். தூங்குகிற மெஷினுக்கு ஐபி எல்லாம் ஞாபகம் இருக்காது, அதனால் வீட்டு நெட்வொர்க் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துகிறது, லேன் போர்ட்டில் பச்சை லைட்டோடு விழித்திருக்கும் கார்டு தன் நம்பர் வந்ததும் எழுப்பிவிடுகிறது. வைஃபை லேப்டாப்பில் முயன்று பார்த்து விட்டுவிட்டேன், கேபிள் வேண்டும்.

கடுப்பு எங்கே என்றால், எழுந்த பிறகு. கீபோர்டை யாரும் தொடாமல் எழுந்த விண்டோஸ், ஆள் இல்லை என்று இரண்டே நிமிடத்தில் திரும்பப் படுத்துவிடும். நீங்கள் ஸ்லீப் டைமரில் ஒரு மணி நேரம் வைத்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை, இதற்குத் தனியாக ஒரு டைமர் இருக்கிறது, அன்அட்டெண்டட் ஸ்லீப் டைம்அவுட் என்று பெயர், அதை பவர் ஆப்ஷன்ஸில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்! பவர்சிஎஃப்ஜி என்ற விண்டோஸ் கமாண்டில் நீளமான ஒரு நம்பரைக் கொடுத்தால்தான் வெளியே தலைகாட்டும். எஸ்எஸ்எச்சில் காப்பி ஓடுவதெல்லாம் அதற்கு வேலையாகவே தெரியாது. முதல் வருடம் மூன்று வாரம் லாகை வெறித்துப் பார்த்தேன், தினமும் 2:32க்கு கனெக்ஷன் போயிருந்தது, பாவம் ரௌட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது மதர்போர்டு மாறியதும் அதிலேயே இருக்கும் நெட்வொர்க் கார்டின் மேக் அட்ரஸும் மாறிவிட்டது. பை பழைய நம்பரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மேஜிக் பாக்கெட்டுக்கு "கிடைத்தது" என்று பதில் வரும் வழக்கமே கிடையாது, பத்தொன்பது ராத்திரி பேக்கப் இல்லாமல் போனதை நானும் கவனிக்கவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். நம்பரை மாற்றினேன், எழுந்தது. 2:32க்குப் படுத்தது. விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தேன் இல்லையா, அந்த டைமர் மறுபடி இரண்டு நிமிடம்! அதையும் திரும்ப மாற்றினேன்.

நண்பனிடம் சொல்லிவிட்டேன், வேண்டாம்டா, ஒரு யூஎஸ்பி டிஸ்க் வாங்கி ஞாயிற்றுக்கிழமை சொருகிக்கோ. என் வீட்டில் மட்டும் இதைக் கழற்ற மாட்டேன். நேற்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன், மாடியில் ஃபேன் சுற்றுகிற சத்தம், கதவோரம் நின்று 2:33 வரை பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது.