காஸா, கரண்டா, விறகா: எங்கள் குசினிக் கணக்கு

2022 சித்திரையில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறிய கிழமை எங்கள் வீட்டில் இருந்தது ஒரு வெறும் சிலிண்டர்தான். ஏழு மாதத்துக்கு முதல் அதே சிலிண்டர் கொழும்பு விலைக்கு 1,493. யாழ்ப்பாணத்துக்கு வர ஏற்றுக்கூலியும் சேரும், அது எப்போதும் உள்ளதுதான். விலையைக்கூடப் பொறுத்திருப்போம், சாமான் இல்லை. கடை வாசலில் வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வரிசையில் விட்டுவிட்டு ஆட்கள் மதில் நிழலில் குந்தியிருப்பார்கள். என் கணவர் மூன்று நாள் போய் வந்தார். நாலாம் நாள் அம்மா கிணற்றடிக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்த மண் அடுப்பை நிமிர்த்திக் கழுவத் தொடங்கினா.

அதற்கு முன்னும் பின்னுமாக மண்ணெண்ணெய், மரத்தூள், கரண்ட், விறகு என்று எல்லாம் எரித்துப் பார்த்தாயிற்று. இப்போது காஸ் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனாலும் எங்கள் வீட்டு உலை விறகில்தான் கொதிக்கிறது. ஆகவே நான் விறகின் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் விறகு எல்லா வீட்டிலும் மலிவு இல்லை. முதல் வருடம் எங்கள் வீட்டிலேயே மலிவாக இருக்கவில்லை.

மண்ணெண்ணெயை ஒரு மூச்சில் முடிக்கலாம். ஜாம் போத்தல் விளக்கில் படித்து வளர்ந்தவள் நான். எங்கள் தலைமுறைக்கு மண்ணெண்ணெய் என்றால் ஏழையின் எரிபொருள். 2022 ஆவணியில் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்குப் போனதோடு அந்தக் கதை முடிந்தது. மண்ணெண்ணெய்க் குக்கர் பரணுக்கு ஏறிவிட்டது.

மரத்தூள் அடுப்பு மண்ணெண்ணெயை விட நல்லது. வாய் திறந்த தகரப் பேணியில் கீழ்ப்பக்கமாக ஒரு ஓட்டை. நடுவில் ஒரு போத்தலை நிறுத்தி, ஓட்டைக்குள்ளால் ஒரு தடியைப் போத்தலின் அடிவரை செருகி, சுற்றிவர மரத்தூளை இறுக்கி இடித்துவிட்டுப் போத்தலையும் தடியையும் மெதுவாக உருவி எடுக்க வேண்டும். இடி குறைந்தால் சுவர் பொலபொலவென்று விழும், திரும்பவும் முதலில் இருந்து. சரியாக இடித்தால் மணிக்கணக்கில் ஒரே சீராக எரியும். அதிலேயே வில்லங்கமும் இருக்கிறது. தேத்தண்ணிக்கு மூட்டினாலும் அது தன்பாட்டில் எரிந்து முடிந்துதான் அணையும். மர ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் யோசிக்கலாம். எங்களுக்குத் தூள் மூட்டை ஏற்றிவருகிற செலவே கட்டவில்லை.

இனிக் கரண்ட். தங்கச்சி தந்த இண்டக்சன் அடுப்பை மூன்று மாதம் பாவித்தேன். சுத்தம், வேகம், புகை இல்லை. அதில் பேச்சே இல்லை. மீன் குழம்பு வைக்கிற மண்சட்டி அதில் ஏறாது, அலுமினியப் பானையும் வேலை செய்யாது, புட்டுக்கு வேறு பானை தேட வேண்டி வந்தது. அதையும் சமாளிக்கலாம். 2022 மார்ச் 31 அன்று 13 மணித்தியாலம் மின்வெட்டு. அன்று அது மேசையில் கிடந்த ஒரு கண்ணாடிப் பலகை. அதுவும் பழைய கதை என்று விடலாம். விட முடியாதது பில்.

ஒரு 12.5 கிலோ சிலிண்டர் சட்டிக்குத் தருகிற சூட்டை இண்டக்சனில் எடுக்க ஏறத்தாழ 100 யூனிற் வேண்டும். அந்த 100 யூனிற்றைத் தனியாக விலை போட்டுப் பார்த்தால் பிழைப்போம். வீட்டில் ஏற்கெனவே ஓடுகிற லைற், காற்றாடி, பிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் மேலே போய் அது உட்காருகிறது. எங்கள் கட்டணப் படியில் 60 யூனிற் ஒரு கோடு. 2023 பெப்ரவரிக் கட்டணத்தில், 60க்குள் நின்றால் முதல் 30 யூனிற் 30 ரூபாப்படி, அடுத்த 30 யூனிற் 37 ரூபாப்படி, மொத்தம் 2,010. 61 ஆனால் முதல் யூனிற்றில் இருந்தே 42 ரூபா, மொத்தம் 2,562. நிலையான கட்டணத்தைச் சேர்க்காமலே, அந்த ஒரு யூனிற்றின் விலை 552 ரூபா! விலை பிறகு ஏறியும் இறங்கியும் போனது. ஆனாலும் மாதம் 50, 55இல் நிற்கிற வீடு சமையலைக் கரண்டுக்கு மாற்றினால் அந்தக் கோட்டைத் தாண்டாமல் தப்ப வழியில்லை. ஏற்கெனவே 150 யூனிற் எரிக்கிற வீட்டுக்கு இந்தக் கோடு பொருட்டில்லை. கூரையில் சோலர் போட்டவர்களின் கணக்கு வேறு, எங்களிடம் அது இல்லை.

றைஸ் குக்கரை மட்டும் நான் விடவில்லை. முக்கால் கிலோ சிவப்புப் புழுங்கலுக்கு மீற்றரில் பார்த்தேன், அரை யூனிற்றுக்குக் கிட்டப் போகிறது. அரிசியை அரை மணித்தியாலம் ஊறவிட்டால் இன்னும் குறையும். பள்ளிக்கூடத்தில் கூட்டம் இருக்கிற நாளில் அதுதான் கை கொடுக்கிறது.

கரண்டில் தண்ணீர் கொதிக்க வைப்பவர்களுக்கு இன்னொன்று. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறிவருகிற தண்ணீர். கேத்திலின் அடியில் இரண்டு மாதத்தில் வெள்ளையாகப் படை கட்டும். படை தடிக்கத் தடிக்கக் கொதிக்கிற நேரமும் கூடும், கரண்டும் கூடும், ஒரு நாள் எரிந்தும் போகும். எங்கள் வீட்டில் இரண்டு கேத்தில் அப்படிப் போன பிறகுதான் மாதம் ஒருக்கால் தேசிக்காய்ப் புளி விட்டுக் கொதிக்க வைத்துக் கழுவுகிற புத்தி வந்தது.

காஸைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. அதன் சுகம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஐந்து பேருக்கு ஒரு பெரிய சிலிண்டர் 38 நாள் வரும். அதை 5 கிலோ சிலிண்டராக மாற்றி, காலைத் தேத்தண்ணி, பிள்ளைகளின் பால், அவசரத்துக்கு ஒரு முட்டை என்று வரையறுத்ததில் இரண்டு மாதம் தாண்டுகிறது. சிறிய சிலிண்டரில் இன்னொரு நன்மை, முடிந்தால் இவர் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போய்விடுவார்.

விறகுக்கு வருவோம்.

நல்ல அடுப்பு, நல்ல மரம் என்று சனம் கதைக்கும். அடுப்பில் விஷயம் உண்டுதான். மூன்று கல்லை விட, ஒரே வாயில் எரித்து இரண்டு சட்டி வைக்கிற 'அனகி' மண் அடுப்பு விறகைக் குறைவாகத் தின்னும். முன்னால் சோறு, பின்னால் பருப்பு. மரத்திலும் உண்டு. வேம்பு, பூவரசு, புளி எல்லாம் நின்று எரியும், முருங்கை பேருக்குத்தான் விறகு. ஆனால் செலவைத் தீர்மானிப்பது இவை இரண்டும் இல்லை, ஈரம். இதை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன்.

முதல் வருடம் சித்திரையில் இருந்து புரட்டாதி வரை வளவில் கிடந்ததை எரித்தோம். காவோலை, பனைமட்டை, பன்னாடை, பொச்சு, சிரட்டை, வேலி வெட்டிய கதியால் கொப்பு. ஒரு சதம் செலவில்லை. விறகைப் போலப் புத்திசாலித்தனம் வேறில்லை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் உபதேசம் செய்துகொண்டு திரிந்தேன். ஐப்பசி மழை தொடங்கியது. வளவில் கிடந்தது எல்லாம் ஊறியது. கார்த்திகையில் ஒரு விறகுக் கடையில் எட்டு அந்தர், ஏறத்தாழ 400 கிலோ, வாங்கி இறக்கினோம். விளக்கீட்டுக்கு முதல் நாள், பின்னேரம். உலை வைத்து முக்கால் மணித்தியாலம், தண்ணீர் கொதிக்கவில்லை. விறகின் வெட்டுவாயில் நுரை தள்ளுகிறது, குசினி முழுக்கப் புகை, சின்னவன் இருமுகிறான். நான் ஊதுகுழலோடு நிலத்தில் கிடக்கிறேன்.

அம்மா வந்து இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தா.

"சத்தத்தைக் கேள் பிள்ளை. பொத்துப் பொத்தெண்டு கேக்குது. உது பச்சைத் தண்ணி. நீ ஊதி ஊதி நெஞ்சு நோகப்போகுது, காஸை மூட்டு."

"எட்டு அந்தருக்குக் காசு குடுத்தனான் அம்மா."

"தண்ணிக்குக் குடுத்தனி."

அதுதான் கணக்கு. இங்கே விறகு அந்தரில், நிறுவையில் விற்கிறது. ஒரு அந்தர் ஏறத்தாழ 50 கிலோ. வெட்டிய கையோடு வருகிற பச்சை விறகில் கிட்டத்தட்டப் பாதி நிறை தண்ணீர். நன்றாகக் காய்ந்ததில் அது ஐந்தில் ஒன்றுக்குள் வந்துவிடும். ஆக எட்டு அந்தரில் மூன்று நாலு அந்தர் தண்ணீருக்குத்தான் நான் காசு கொடுத்திருக்கிறேன். அதோடும் போகவில்லை. அந்தத் தண்ணீரை ஆவியாக்குகிற சூடும் அதே விறகில் இருந்துதான் போக வேண்டும், மிச்சம்தான் சட்டிக்கு. அந்த மழைக்காலம் விறகுக்கும் காசு, காஸுக்கும் காசு. நான் செய்த உபதேசத்தை யாரும் ஞாபகப்படுத்தவில்லை, நல்ல சனங்கள்.

அடுத்த வருடம் அடுப்புக்கு ஒரு சதம் செலவழிக்கவில்லை. விறகுக் கொட்டிலுக்குச் செலவழித்தோம். நாலு கப்பு, மேலே பழைய தகரம். நிலத்தில் சீமெந்துக் கல்லை வரிசையாக வைத்து, குறுக்கே பனைமட்டை போட்டு, அதற்கு மேல்தான் விறகு. நிலத்தில் தொட்டால் கறையான் முதலில் சமைத்துவிடும். தென்மேற்குப் பக்கம் திறந்தே விட்டோம், சோளகக் காற்று உள்ளே புகுந்து போக. மழை அடிக்கிற வடகிழக்குப் பக்கத்துக்குத் தறப்பாள். விறகை மணிக்கட்டு மொத்தத்துக்குக் கொத்துவித்தோம். முழுக்கட்டையாக அடுக்கினால் வெளியே காய்ந்து உள்ளே பச்சையாகவே இருக்கும். கொத்துக் கூலி வலிக்கும்தான், மிச்சம் பிடிக்கப்போய் அதையும் ஒரு முறை அனுபவித்தேன்.

எவ்வளவு அடுக்குவது என்றால், எங்கள் வீட்டுக்கு நாளுக்கு நாலரைக் கிலோ. ஐப்பசி தொடங்கி மார்கழி முடிய 90 நாள், 405 கிலோ, அதாவது எட்டு அந்தர். காய்ந்த எட்டு அந்தர்! அதற்குப் பச்சையாகப் பன்னிரண்டு பதின்மூன்று அந்தர் வாங்க வேண்டும், வைகாசிக்குள் வாங்கி அடுக்க வேண்டும். வெயில் காலத்தில் விறகு கேட்பார் குறைவு, விலையும் பேசலாம். ஆவணியில் அம்மா வந்து கட்டையைத் தட்டுவா. "ணங்" என்று கேட்டால் சரி. கொட்டிலின் ஒரு மூலை ஊமலுக்கு, அதாவது கிழங்கு விட்டு முடிந்த பனங்கொட்டைக்கு. மாசியில் பனங்கிழங்கு கிண்டியதும் பாத்தியில் கிடக்கிற ஊமலைப் பொறுக்கிக் காயவிட்டால் கரி மாதிரி நின்று எரியும், புகையும் குறைவு. கூழ் காய்ச்ச அதற்கு நிகர் இல்லை.

மூன்று மாத விறகை நனையாமல் வைக்க இடமில்லாத வீட்டுக்கு விறகு மலிவே இல்லை. காஸ்தான் மலிவு.

எங்கள் மிச்சத்தையும் சொல்கிறேன். 2022 ஆவணியில் பெரிய சிலிண்டர் 4,664 ரூபாவுக்கு இறங்கியது. 38 நாளுக்கு ஒன்று என்றால் மாதம் 3,680. சிறியதில் மாதம் 930க்குக் கிட்ட. வித்தியாசம் 2,750. அதில் விறகுக்கும் கொத்துக் கூலிக்கும் போனதைக் கழித்தால் கையில் நின்றது ஆயிரத்தைந்நூறு மட்டில். சின்னவனின் ரியூசன் காசு. பெரிய தொகை இல்லை, ஆனால் மாதாமாதம் நின்றது. காஸ் விலை இறங்க இறங்க இந்த வித்தியாசமும் சுருங்கும், வளவில் பனையும் தென்னையும் இல்லாதவர்களுக்கு இன்னும் சுருங்கும்.

இந்தக் கணக்கில் நான் போடாதது அம்மாவின் நேரம். அடுப்பு மூட்டுவது, கரிச்சட்டி கழுவுவது எல்லாம் அவதான். சட்டியின் அடியில் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டு அடுப்பில் ஏற்றினால் கரி தண்ணீரோடு கழன்று போகும். அதுவும் ஒரு வேலைதானே. அம்மா இல்லாத வீட்டில், காலை ஏழு மணிக்கு வேலைக்கு இறங்குகிற நான் தனியாக இதைச் செய்திருப்பேனா என்று கேட்டால், மாட்டேன். இரவுச் சமையலுக்கு மட்டும் மூட்டியிருப்பேன்.

புகையில் சமரசம் கூடாது. நாங்கள் அடுப்பைக் குசினிக்குள் இருந்து எடுத்து, பின்பத்தியில் இரண்டு பக்கமும் திறந்த இடத்தில் வைத்துவிட்டோம். வீட்டில் இழுப்புக்காரர் இருந்தாலோ, கைக்குழந்தை இருந்தாலோ நான் விறகு என்ற பேச்சையே எடுத்திருக்க மாட்டேன். விறகு எடுக்கக் கையை விடுவதற்கு முதல் ஒரு தடியால் தட்டுங்கள். எங்கள் கொட்டிலில் இதுவரை நட்டுவக்காலிதான், பக்கத்து வீட்டு மாமி புடையன் பாம்பு கண்டவ.

தங்கச்சி ரவுணில் மேல்மாடி அனெக்ஸில் இருக்கிறாள். என் சோற்றின் ருசியைப் பார்த்துவிட்டுத் தனக்கும் பல்கனியில் ஒரு மண் அடுப்பு வைக்கலாமா என்று கேட்டாள். விறகை எங்கே அடுக்குவாய் என்று கேட்டேன். இப்போது அவளிடம் 5 கிலோ சிலிண்டரும் றைஸ் குக்கரும் இருக்கின்றன, மாதம் 58 யூனிற்.