சுவிட்சில் விளக்கு எரியும், படகில் எரியாது: ஆறு சுவிட்ச் பேனலோடு மூன்று வருடம்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "உங்க படகுல இருக்கிற அந்த ஆறு சுவிட்ச் பேனல் இப்ப விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமா?" கேட்ட நேரம் சரியில்லை. நான் அப்போது அடிப்பலகையைத் தூக்கிவிட்டு, தலைகீழாகக் குனிந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு படகின் அடிக்குழியில் (பில்ஜ்) தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் கம்பியைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த நிமிடம் பதில் சொல்லியிருந்தால் எழுத்தில் போட முடியாததாக இருந்திருக்கும். இப்போது பம்ப் ஓடுகிறது, கையில் இருந்த கறுப்பும் போய்விட்டது. நியாயமாக எழுதப் பார்க்கிறேன்.

பேனல் என்றால் படகின் விளக்கு, பம்ப் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இருந்து போட்டு அணைக்கும் சுவிட்ச் பலகை. கறுப்புத் தகடு, ஆறு ராக்கர் சுவிட்ச், ஒவ்வொன்றிலும் ஒரு நீல எல்இடி, கீழே ஃபியூஸ் வரிசை. பின்னால் கம்பிகள் எல்லாம் இணைத்தே வரும், நாம் பேட்டரியின் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் கொடுத்தால் போதும். அவுட்போர்டு (பின்புறம் வெளியே தொங்கும் எஞ்சின்) மாட்டிய என் சின்ன ஃபைபர் படகில் மூன்று வருடமாக மழையும் வெயிலும் உப்புக்காற்றும் தின்றுகொண்டு இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துபோகும். சுவிட்சுகள் ஆறில் ஒன்றுகூட இதுவரை கெடவில்லை. 'டக்' என்ற அந்தச் சத்தம் முதல் நாள் எப்படியோ இன்றும் அப்படியே. மேலே அலை அடித்தாலும் முன்பக்கம் ஒரு சொட்டு உள்ளே போனதில்லை. எழுத்துகளும் அழியவில்லை. ஈரக் கையோடு, இருட்டில், படகு ஆடும்போது தடவிப் பார்த்தே எது எந்த சுவிட்ச் என்று தெரிகிற அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறார்கள். வடிவமைத்தவர் ஒருமுறையாவது படகில் ஏறியிருப்பார் போலிருக்கிறது.

எல்இடி வைத்தவர் ஏறியிருக்க மாட்டார்.

இரவில் அந்த நீல வெளிச்சம் கண்ணைக் குத்தும் என்பது சின்னக் குறை. ஆறின் மேலும் கறுப்பு டேப் ஒட்டி அதைத் தீர்த்தேன். என் கோபம் வேறு. இரண்டாவது வருடம் ஒரு நாள் பொழுது சாயும் நேரம், முன்விளக்கு சுவிட்சைப் போட்டேன். எல்இடி பளிச்சென்று எரிந்தது. முனையில் இருக்கும் சிவப்பு பச்சை விளக்கோ இருட்டு. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, சுவிட்ச் நன்றாக இருக்கிறது, எல்இடியே சாட்சி. அப்படியானால் பல்புதானே? மாற்றினேன். இரண்டு நாள் எரிந்தது, அணைந்தது. மறுபடி மாற்றினேன். இப்படி மூன்று பல்பு போனது. பிறகு பார்த்தால் கழற்றிப்போட்ட மூன்றும் நல்ல பல்புகள். மாற்றும்போது ஹோல்டரைத் திருகி ஆட்டியதில் எங்கோ ஒரு கம்பி தற்காலிகமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

வோல்ட், ஓம் எல்லாம் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். பல்பைக் கழற்றி ஹோல்டரில் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட். முழு பேட்டரி எவ்வளவு காட்டுமோ அதே. எல்இடி சொன்னதையே மீட்டரும் சொல்லிவிட்டது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. டிஜிட்டல் மீட்டரின் உள்மின்தடை பொதுவாக 10 மெகா ஓம். அது வழியாகப் போகிற மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்ற அளவுதான். நடுவில் களிம்பு பிடித்த இணைப்பு 10,000 ஓம் தடுத்தாலும் மீட்டரில் குறைவது 0.012 வோல்ட். ஆனால் 10 வாட் பல்புக்கு 0.8 ஆம்பியர் வேண்டும், அதற்கு 10 ஓம் தடுத்தாலே மூச்சு நின்றுவிடும். ஓம் அளந்து பார்த்தாலும் இதே கதை. கம்பியின் பத்தொன்பது இழையில் பதினெட்டு அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 'பீப்' என்று ஒலித்துவிடும்.

பேனலின் எல்இடி இன்னும் ஒரு படி மேலே. அதற்கு நெகட்டிவ் பேனலின் பின்னால் இருக்கும் தனிக் கம்பியில் இருந்து வருகிறது. முன்விளக்கின் நெகட்டிவ் வேறு வழியில், டெக்குக்கு, அதாவது படகின் மேல்தளத்துக்கு, அடியில் நாலு மீட்டர் போய்த் திரும்புகிறது. ஆக, ஃபியூஸ் இருக்கிறது, சுவிட்ச் சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும் அந்த நீல வெளிச்சம் சொல்கிறது. விளக்கு எரிகிறதா என்று அதற்குத் தெரியவே தெரியாது. நாம்தான் அப்படி நினைத்துக்கொள்கிறோம்.

பழுது எப்படி அகப்பட்டது என்றால், பல்பைத் திரும்ப மாட்டி, சுவிட்சைப் போட்டு, அதன் பிறகு அளந்தேன். ஹோல்டரில் 4.2 வோல்ட். பேட்டரியில் 12.5. நடுவில் எட்டு வோல்ட்டுக்கு மேல் காணவில்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை விளக்கின் நெகட்டிவிலும் வைத்தேன். ஒரே கம்பியின் இரண்டு முனை, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 8.1 காட்டியது. திருடன் நெகட்டிவ் பக்கம். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால், டெக்குக்கு அடியில் முறுக்கி டேப் சுற்றிய ஒரு இணைப்பு. டேப்பைப் பிரித்தால் உள்ளே பச்சைக் களிம்பு, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. அந்த முறுக்கைப் போட்டது யார் என்று கேட்காதீர்கள், பேனல் பொருத்திய அன்று அவசரத்தில் நான் போட்டதுதான்.

அன்று முதல் மீட்டரைவிட நான் நம்புவது ஒரு டெஸ்ட் லாம்ப். கடையில் வாங்கியது இல்லை. காரின் பிரேக் விளக்குக்குப் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்று, இரண்டு கம்பி, இரண்டு முதலைக் கிளிப். ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். இணைப்பு நன்றாக இருந்தால் பளீரென்று எரியும், களிம்பு இருந்தால் சோர்ந்துபோய்ச் சிவக்கும். எண் எதுவும் படிக்க வேண்டாம். மூன்று வருடத்தில் படகில் எனக்கு உண்மையான சந்தோஷம் கொடுத்த மின்சாதனம் எது என்றால், பேனல் இல்லை, இந்தப் பல்புதான்.

சரி, போன வாரக் கதைக்கு வருகிறேன். பில்ஜ் பம்ப் முனகியது. ஓடுகிறது, ஆனால் தண்ணீர் குழாயில் ஏறவில்லை. எல்இடி வழக்கம்போல ஜோராக எரிந்தது. பம்ப் ஓடும்போதே அளந்தேன். பேட்டரியில் 12.4, பம்பில் 9.7. போன 2.7 வோல்ட்டை ஒவ்வொரு இணைப்பாகத் தேடினேன். பில்ஜுக்கு மேலே இருந்த இணைப்பில் 1.5, பேனலின் ஃபியூஸ் ஹோல்டரில் மட்டும் 0.9, மீதி கம்பியில். அமெரிக்கப் படகு மற்றும் யாட்ச் கவுன்சிலின் தரநிலைப்படி வழிகாட்டி விளக்கு (என் முன்விளக்கு அதுதான்) போன்ற முக்கியமானவற்றுக்கு வோல்ட் இழப்பு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 12 வோல்ட்டில் அது 0.36. அதுவும் கம்பியின் போகும் நீளம், வரும் நீளம் இரண்டையும் சேர்த்து. என் பேனலின் ஒற்றை ஃபியூஸ் ஹோல்டரே அதைப்போல இரண்டரை மடங்கு விழுங்கியிருந்தது.

அந்த 0.9 வோல்ட் எங்கே போகும்? சூடாகத்தான். பம்ப் மூன்று ஆம்பியர் இழுத்தால் அந்த ஒரு கிளிப்பில் 2.7 வாட். ஹோல்டரின் பிளாஸ்டிக் பழுப்பாகி வளைந்திருந்தது. ஃபியூஸ் போகவில்லை, போகவும் போகாது. ஃபியூஸுக்கு அதிக மின்சாரம்தான் தெரியும், மோசமான இணைப்பு தெரியாது.

என் உண்மையான ஆத்திரம் பின்பக்கத்தின் மேல்தான். முன்னால் ரப்பர் வளையம் வைத்து, அலைக்கு அஞ்சாத மாதிரி செய்துவிட்டு, பின்னால் வெறும் தாமிரக் கம்பியும் மெல்லிய தகர இணைப்பும் கொடுத்திருக்கிறார்கள். டின் (வெள்ளீயம்) பூசிய தாமிரக் கம்பியை வெட்டினால் உள்ளே இழைகள் வெள்ளி நிறத்தில் இருக்கும். இதை வெட்டினால் கறுப்பு. ஒரு விரல் நீளம் பின்னால் வெட்டினேன், கறுப்பு. ஒரு சாண் பின்னால் வெட்டினேன், அங்கேயும் கறுப்பு. இழைகளுக்கு நடுவே ஈரம் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறிப் போயிருக்கிறது. கறுத்த தாமிரத்தில் கிரிம்ப் (கம்பி முனையில் இணைப்பை நசுக்கிப் பிடிப்பது) பிடிக்காது, சால்டரும் (உருக்கி ஒட்டும் பற்றாசு) ஒட்டாது. 'படகுக்கு உகந்தது' என்று பெட்டியில் அச்சடிக்கும்போது முன்பக்கத்தை மட்டும் பார்த்திருப்பார்கள்.

நியாயம் என்றேன் அல்லவா, பம்ப் விஷயத்தில் பாதித் தப்பு என்னுடையது. தண்ணீர் ஏறினால் மிதந்து பம்பைத் தானே ஓட்டும் ஃப்ளோட் சுவிட்சையும் பேனல் வழியாகவே கொடுத்திருந்தேன். படகைக் கட்டிவிட்டுப் போகும்போது மெயின் சுவிட்சை அணைத்தால் ஃப்ளோட்டும் செத்துவிடும், ராத்திரி மழைக்கு அடிப்பலகை வரை தண்ணீர் ஏறும். ஏறியது. ஃப்ளோட்டுக்குப் பேட்டரியில் இருந்து நேராக, பேட்டரிக்குப் பக்கத்திலேயே தனி ஃபியூஸோடு கம்பி வர வேண்டும். பேனல் சுவிட்ச் கையால் ஓட்டிப் பார்க்க மட்டும். எனக்கு இது தெரியாமல் இல்லை. பேனலோடு வந்த படத்தில் பம்பையும் மற்ற ஐந்தோடு சேர்த்து வரைந்திருந்தார்கள், சோம்பலில் நானும் அப்படியே செய்தேன். படத்தைத் திட்டுவதா என்னைத் திட்டுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்போது பம்புக்கும் முன்விளக்குக்கும் டின் பூசிய கம்பி இழுத்து, உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் கனெக்டரால் கிரிம்ப் செய்திருக்கிறேன். சூடுகாட்டினால் ஓரத்தில் பசை பிதுங்கி வர வேண்டும், அப்போதுதான் தண்ணீர் போகாது. சால்டரை மட்டும் நம்பவில்லை. சால்டர் முடிகிற இடத்தில் கம்பி விறைத்து, எஞ்சின் அதிர்வில் அங்கேயே ஒடியும். வேலைக்கு முன்னால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன், கைக்கடிகாரத்தையும்தான். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் ஸ்பானர் இரண்டு முனையிலும் பட்டால் சிவக்கச் சிவக்கச் சுடும்.

நேற்று ஓடவிட்டு அளந்தேன். பம்பில் 12.1. பலகைக்கு அடியில் இருந்த தண்ணீர் நாலே நிமிடத்தில் வெளியே.

ஆக, நண்பருக்குப் பதில். இவ்வளவு எழுதிய பிறகு "வாங்காதீர்கள்" என்றுதான் வர வேண்டும், வரவும் வந்தது, போனில் அப்படித்தான் சொன்னேன். மதிப்பெண் கேட்டார். ஐந்துக்கு இரண்டு என்றேன். போன வாரம் டார்ச் வாயில் இருந்தபோதே பதில் சொல்லியிருந்தால் பூஜ்யம்.

அவரிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. விலை குறைந்தது எனக்கும் தெரியும். உருகிப்போன ஹோல்டரோடு எத்தனை நாள் ஓட்டுவது என்று அதே பேனலில் இன்னொன்று வாங்கிவிட்டேன். அந்த 'டக்' சத்தம் வேறு எதிலும் சரியாக வரவில்லை. இப்போது அதை மேசை மேல் கவிழ்த்துப்போட்டு, பின்பக்கக் கம்பிகளை ஒன்றுவிடாமல் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். எல்இடிகளுக்கு டேப் ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது.