மாளிகையைக் கூறுபோடுவது: தளம் தளமாகவா, செங்குத்தாகவா?

இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பெருமாளிகைகளுக்கு 1955 மிக மோசமான ஆண்டு. ஐந்து நாளுக்கு ஒன்று வீதம் இடிபட்டதாகச் சொல்வார்கள். வாரிசு வரி ஒரு பக்கம், வேலைக்கு ஆள் கிடைக்காதது இன்னொரு பக்கம். போர்க்காலத்தில் ராணுவம் தங்கிவிட்டுப் போன வீடுகளில் கூரை ஒழுகலும் சேர்ந்துகொண்டது. ஒரு குடும்பத்தால் தாங்க முடியாத வீட்டைப் பல குடும்பங்கள் சேர்ந்து தாங்கலாமே என்ற யோசனை அந்த நெருக்கடியில்தான் வலுத்தது. சரி, பிரிப்பது என்றாகிவிட்டது. எப்படிப் பிரிப்பது என்பதில்தான் இரண்டு கட்சி.

தளம் தளமாகப் பிரிப்பது முதல் வழி. தரைத்தளத்தில் நாலு ஃப்ளாட், மேலே நாலு, மாடத்தில் இரண்டு என்று போகும். பார்க்க எளிதாக இருக்கிறது. ஆனால் இந்த மாளிகைகள் கட்டப்பட்ட முறையே வேறு. விருந்தினர் நுழையும் கூடம், அதையடுத்து வரவேற்பறை, அப்புறம் ஓவியக்கூடம் என்று அறைகள் ஒரே நேர்க்கோட்டில் திறந்துகொண்டே போகும். கூரைகள் மிக உயரம். அதில் குறுக்குச்சுவர் எழுப்பினால் சுதை வேலைப்பாடு பாதியில் அறுபடும். உயரத்தை வீணாக்க வேண்டாமென்று இடையில் பரண்தளம் போட்டால் அது நெடிய சன்னலின் நடுவயிற்றில் போய் முட்டும். வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும். மேல்வீட்டுக்காரரின் காலடி ஓசை தனித் தலைவலி. பழைய மரத்தளங்களில் ஓசையை அடக்கச் சுண்ணாம்பும் மணலும் நிரப்பியிருப்பார்கள். இன்றைய விதி கேட்கும் அளவுக்கு அது போதாது. கூடுதலாக எதையாவது அடிக்கப் போனால் கீழே இருக்கும் சுதைக்கூரை குறுக்கே நிற்கும்.

இந்த வழி நன்றாக நடந்த காலமும் உண்டு. ரியர் அட்மிரல் பெர்னார்ட் கிரேட்ஹெட் அதே 1955-ல் தொடங்கிய சங்கம், பின்னாளில் கன்ட்ரி ஹவுசஸ் அசோசியேஷன் என்று பெயர் பெற்றது. ஓய்வுபெற்றவர்கள் சங்கத்துக்கு ஒரு தொகையைக் கடனாகக் கொடுத்து, மாதாமாதம் கட்டணம் கட்டி, சில அறைகளில் வாழ்ந்தார்கள். சாப்பாடு பொது உணவுக்கூடத்தில். அதனால் வீட்டுக்கு வீடு பெரிய சமையலறை தேவைப்படவில்லை, பெரிய கூடங்களை எல்லாருக்கும் பொதுவாக விட முடிந்தது. கட்டடத்தைக் காப்பாற்றியதில் பாதிப் பங்கு அந்தப் பொதுச் சமையலுக்குத்தான் என்பேன். 2000-களின் தொடக்கத்தில் சங்கம் நிதி நெருக்கடியில் மூழ்கியது. வீடுகள் விலைக்குப் போயின. புது டெல்லியை வடிவமைத்த லட்யென்ஸ் திருத்தி அமைத்த கென்ட்டின் கிரேட் மேத்தம் ஹால், ஒன்றுபோல் ஒன்று இல்லாத 63 புகைபோக்கிகளைக் கட்டடக்கலைஞர் பியூஜின் வைத்த சர்ரேயின் ஆல்பரி பார்க் ஆகியவை வயதானவர்களுக்கான ஃப்ளாட்டுகளாகத் தொடர்கின்றன. இன்னொரு கட்டடக்கலைஞரான ஜான் சோன் கைவைத்த எய்ன்ஹோ பார்க் எதிர்த்திசையில் போனது: ஃப்ளாட்டாக இருந்தது மறுபடி ஒரே வீடாகி, இன்று அறைகலன் விற்கும் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் காட்சிக்கூடம்.

எதிர்க்கட்சியின் தலைவர் கிட் மார்ட்டின். கட்டடக்கலை படித்தவர். மாளிகையை மேலிருந்து கீழாகச் செங்குத்தாகப் பிரிக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஒவ்வொரு பாகத்துக்கும் சொந்த வாசல், சொந்தப் படிக்கட்டு, முடிந்தால் பழைய பெரிய அறை ஒன்று முழுசாக. இதற்கு மாளிகையே இடம் கொடுக்கிறது. எசமானர் படிக்கட்டு தவிர வேலையாட்களுக்கென்று பின்படிகள் ஏற்கெனவே இருக்கின்றன. நடுச்சுவர்கள் கனமான செங்கல் சுவர்கள், பக்கத்து வீட்டுச் சத்தம் எளிதில் வராது. நேர்க்கோட்டு அறைகளுக்கு இடையிலிருந்த கதவைப் பிடுங்க வேண்டியதில்லை. பின்பக்கம் அடைத்துவிட்டுக் கதவை அப்படியே நிறுத்தலாம். நாளைக்கு யாராவது மாளிகையை மறுபடி ஒன்றாக்க நினைத்தால் திறந்துகொள்ளலாம். தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் பயன்படாத புகைபோக்கிகளின் உள்ளே ஏறிவிடும்.

நார்ஃபோக்கின் கன்டன் ஹாலை இப்படி வீடுகளாகப் பிரிக்க அவர் 1980-ல் வாங்கினார். அதில் ஒரு பகுதி 1882 தீயில் எரிந்து, கிட்டத்தட்ட நூறாண்டு கூரையில்லாமல் நின்றது. ரட்லண்டின் பர்லி-ஆன்-தி-ஹில் இன்னும் நல்ல உதாரணம். 1690-களில் நாட்டிங்ஹாம் பிரபு டேனியல் ஃபின்ச் கட்டத் தொடங்கிய வீடு. 1908-ல் தீப்பிடித்தபோது விருந்தினராக உள்ளே இருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். 1980-களின் இறுதியில் தொழிலதிபர் அசில் நாதிர் ஹோட்டலாக்க வாங்கினார். 1990-ல் அவருடைய பாலி பெக் நிறுவனமே சரிந்தது. அப்புறம் மார்ட்டின் வந்து 1993-98-ல் வளாகம் முழுவதும் 22 வீடுகளாக்கினார். அதில் மூல மாளிகைக்குள் இருப்பவை ஆறுதான். அந்த ஆறு என்ற எண்ணில்தான் சூட்சுமம். பேராசைப்பட்டு இருபது திணித்திருந்தால் கட்டடம் செத்திருக்கும். எண்ணிக்கையை லாயங்களும் வெளிக்கட்டடங்களும் சுமந்தன.

செங்குத்துப் பிரிப்பில் குறை இல்லாமலில்லை. வீடுகள் பெரியவை, விலையும் பெரியது. மூன்று நான்கு மாடி ஏறி இறங்க முதியவர்களால் முடியாது. லிஃப்ட் வைக்க அனுமதி சுலபத்தில் கிடைக்காது. சுவர் நேராக இறங்காத இடத்தில் ஒருவர் அறை இன்னொருவர் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஃப்ரீஹோல்டாக, அதாவது காலவரம்பற்ற முழுச் சொந்தமாக, வாங்கினால் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கும். ஃப்ளாட் என்றால் பெரும்பாலும் லீஸ்ஹோல்டு, அதாவது நீண்டகாலக் குத்தகை. நிலவுரிமை யாரிடம் இருக்கிறது, குடியிருப்போர் நிறுவனத்தில் பங்கு உண்டா என்று பார்த்தால் தெளிவு கிடைத்துவிடும்.

வார்விக்ஷயரின் ஸ்டோன்லி ஆபி வேறொரு வழியில் போனது. பதினெட்டாம் நூற்றாண்டின் மேற்குப் பகுதியில் உள்ள அலங்கார அறைகள் ஓர் அறக்கட்டளையின் கையில், பொதுமக்கள் பார்வைக்கு. மற்ற இடங்களில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். கட்டடத்துக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் அறக்கட்டளையும் மானியமும் எல்லா மாளிகைக்கும் வாய்க்காது.

என் ஓட்டு செங்குத்துக்கே, பூங்காவையும் முன்முற்றத்தையும் பிரிக்காமல் பொதுவில் வைத்திருந்தால் மட்டும். முகப்பின் முன்னே ஆளுக்கொரு வேலி போட்டுவிட்டால் உள்ளே எப்படிப் பிரித்தாலும் ஒன்றுதான். முதுமைக்காக வாங்குபவர் மட்டும் தரைத்தள ஃப்ளாட்டைத் தேடட்டும். எதை வாங்கினாலும் முந்தைய உரிமையாளர் அனுமதியில்லாமல் எந்தச் சுவரையாவது இடித்தாரா என்று வழக்கறிஞரை விட்டுத் துருவச் சொல்லுங்கள். பாதுகாக்கப்பட வேண்டியது என்று அரசு பட்டியலிட்ட கட்டடத்தில் அனுமதியின்றிக் கைவைப்பது குற்றம். தண்டனை செய்தவருக்குத்தான் என்றாலும், பழையபடி கட்டித்தரச் சொல்லும் நோட்டீஸ் இன்றைய உரிமையாளர் வாசலுக்கே வரும். அதற்குக் காலவரம்பும் கிடையாது.