மேல் லாஸ்கர் வரிசையில் வாங்கிய முத்திரை மைச் சிமிழ்

ஹாங்காங்கின் ஹாலிவுட் சாலைக்குக் கீழே, மேல் லாஸ்கர் வரிசையில் உள்ள சிறிய பழம்பொருள் கடையொன்றில் சென்ற மாதம் ஒரு பீங்கான் சிமிழ் வாங்கினேன். சீன எழுத்தறிஞரின் மேசைக்குரிய பொருள்களே அங்கு மிகுதி: தூரிகை கழுவும் கிண்ணங்கள், மைக்கல்லுக்கான நீர்க்கலங்கள், தூரிகைத் தாங்கிகள்.

நான் வாங்கியது முத்திரை மைக்கான, அதாவது பெயர் முத்திரை குத்தத் தொட்டுக்கொள்ளும் மைக்கான சிமிழ். குறுக்களவு ஏழு சென்டிமீட்டர். சாதிலிங்கம் என்னும் சிவப்புக் கனிமத்தின் பொடியை எண்ணெயிலும் நாரிலும் குழைத்துச் செய்யும் அந்தச் சிவப்பு மை, எண்ணெயை உறிஞ்சாத கலத்தில்தான் காயாமல் நிற்கும் என்பதால், அதற்குப் பீங்கானே மிகவும் ஏற்றது.

சிமிழின் நிறம் பீச் பழத்தோலின் சிவப்பு. காங்ஷி பேரரசர் காலத்தில் (1662–1722) சீனப் பீங்கான் நகரான ஜிங்தேசெனின் அரசுச் சூளைகளில் உருவான, செம்பு கலந்த இந்த மெருகுப் பூச்சு, எட்டு வடிவங்களில் பேர்பெற்றது. அவற்றில் பல மேசைக்கானவை, ஒரு நீர்க்கலம் கவிஞர் லி பாயின் பெயரையே தாங்கி நிற்கிறது. சூளையில் காற்று குறைந்தால் செம்பு சிவக்கும். காற்றுப் பட்ட இடம் பாசிபோலப் பச்சையாகும். எது எங்கே நேரும் என்று சூளைக்காரரால் முழுமையாகக் கட்டுப்படுத்த முடியாததே இதன் அருமைக்குக் காரணம். 1886இல் நியூயார்க் ஏலத்தில் இவ்வகைச் சிறு குடுவை ஒன்று 18,000 டாலருக்குப் போனது.

என் சிமிழ் காங்ஷி காலத்தது அன்று. அடியில் நீல நிறத்தில் ஆறு எழுத்துகளில் அவர் ஆட்சிக் காலத்தைச் சொல்லும் குறி இருந்தும், நான் கேட்பதற்கு முன்பே கடைக்கார அம்மையார் அதைக் கவிழ்த்துக் காட்டி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் முன்னோரைப் போற்றி இட்ட குறி இது என்று விளக்கி, ரசீதிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார். அந்த ரசீதுக்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். முன்பு வேறொரு கடையில் காங்ஷி காலத்தது என்று நம்பி வாங்கிய தூரிகைக் கிண்ணத்தை வீட்டில் வெந்நீரில் கழுவியபோது, அடிவிளிம்பில் பூசியிருந்த பழுப்புச் சாயம் முழுவதும் கரைந்து, புத்தம்புது வெள்ளை வெளிப்பட்டது, பணமும் திரும்பவில்லை. அன்றைய வேதனை இன்னும் ஆறவில்லை.

இந்தச் சிமிழில் மூடி விளிம்பருகே கடுகளவு பச்சைப் புள்ளிகள் மூன்று உள்ளன. சிவப்பு சற்றுக் கனத்து ஈரல் நிறத்தை நோக்கிச் சாய்கிறது. பழைய உருப்படிகளில் காணும் மூச்சுவிடும் மென்மை இதில் இல்லை. ஆனால் மூடி பொருந்தும் நேர்த்தியைக் குறை சொல்லவே முடியாது. எப்படித் திருப்பி வைத்தாலும் ஆடாமல், ‘டிக்’ என்ற சிறு ஒலியோடு அமர்கிறது. உள் விளிம்பில் முன்னவர் எவரோ பயன்படுத்திய மையின் செந்நிறக் கறை இன்னும் இருக்கிறது. அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

விலை 6,500 ஹாங்காங் டாலர், நியாயமென்றே கருதுகிறேன். குறைகள் இரண்டு. பொருள்களில் விலைச்சீட்டு இல்லை. உள்ளே எரியும் மஞ்சள் விளக்கில் எல்லாச் சிவப்பும் அழகாகவே தெரிகிறது. ஆகவே, எதை எடுத்தாலும் அனுமதி பெற்று வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். அந்த அம்மையார் மறுக்கமாட்டார், தாமே கூட வந்து பிடித்துக் காட்டுவார்.