புதியது என்று சொல்லிப் பழைய செல்ஃப் மோட்டாரை மாட்டி 9,400 ரூபாய் பறித்தார்கள்: கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டுக்கே மெக்கானிக்கை அனுப்பிக் காரைச் சரிசெய்து தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு செயலியை நம்பி, எங்கள் பெட்ரோல் காருக்குச் செல்ஃப் மோட்டார் (இன்ஜினைச் சுழற்றி ஸ்டார்ட் செய்யும் மோட்டார்) மாற்றியதில் 9,400 ரூபாயை இழந்து நிற்கிறேன். சென்னையில் இத்தகைய சேவையை நாடுபவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். மோட்டார் மாற்றுமுன் கவனிக்க வேண்டியவற்றைக் கடைசியில் தருகிறேன்.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்தது, இன்ஜின் சுற்றவில்லை. வந்த இளைஞர் அந்தச் சத்தத்தைக் கேட்ட உடனேயே, "செல்ஃப் போயிடுச்சு சார், புதுசுதான் போடணும்" என்றார். பேட்டரியில் வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் வைக்கவில்லை. இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரைத் தொடவும் இல்லை. ஆனால் மறுநாள் அவர் கொண்டுவந்த பெட்டி சீல் பிரிக்கப்படாமல், ஹாலோகிராம் ஒட்டியபடி இருந்தது. உள்ளே இருந்த மோட்டார் கறுப்புப் பெயின்ட்டில் பளபளத்தது. "ஒரு வருஷ வாரண்டி சார், ஏதாவதுன்னா நாங்களே வந்து மாத்தித் தருவோம்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் 9,400 ரூபாயை அங்கேயே செல்பேசி வழியாகச் செலுத்தினேன். பழைய மோட்டார் ஸ்கிராப்புக்குத்தான் போகும் என்று சொல்லி, அதைத் தன் பைக்கிலேயே வைத்து எடுத்துச் சென்றுவிட்டார்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றாமலேயே அவர் வேலையைத் தொடங்கினார். பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்கு வரும் தடித்த ஒயரில் பெரும்பாலான கார்களில் ஃபியூஸ் கிடையாது. சாவியை எடுத்துவிட்டாலும் அதில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஸ்பேனர் இன்ஜினில் பட்டுப் பொறி பறந்தபோதும், "ஒண்ணும் ஆகாது சார்" என்பதே பதிலாக இருந்தது.

அன்று கார் உடனே ஸ்டார்ட் ஆனது. சில நாட்களிலேயே இரும்பை அரைப்பது போன்ற சத்தம் கேட்கத் தொடங்கி, பிறகு பழையபடி 'டக்' என்று நின்றுவிட்டது. வாடிக்கையாளர் சேவையை அழைத்தால், ஒருவர் புகார் எண் கொடுத்துக் காத்திருக்கச் சொன்னார். இன்னொருவர் அந்த மெக்கானிக் விடுப்பில் இருப்பதாகச் சொன்னார். மூன்றாமவர், எலக்ட்ரிக்கல் பாகங்களுக்கு வாரண்டியே கிடையாது என்றார். அப்போதுதான் பில்லை எடுத்துப் பார்த்தேன். அதில் 'செல்ஃப் வேலை, 9,400' என்று மட்டும் இருந்தது. மோட்டாரின் பார்ட் எண்ணோ வரிசை எண்ணோ இல்லை.

அலுவலகத்துக்குப் போக வேறு வழியில்லாமல், எங்கள் பகுதியில் நீண்ட காலமாகக் கடை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனை அழைத்தேன். மோட்டாரைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்களில் ஒன்று கையால் திருகிய அளவிலேயே இருந்தது. மோட்டார் சாய்ந்து நின்றதால், அதன் முனையிலுள்ள சிறிய பல்சக்கரமான பினியன், இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீலின் ஓரத்துப் பல்வளையமான ரிங் கியரோடு நேராகப் பொருந்தாமல் உரசிப் பற்கள் மழுங்கியிருந்தன. பிரித்துக் காட்டியபோது, மோட்டாருக்குள் சுழலும் செம்புப் பகுதியான கம்யூட்டேட்டரில் விரல் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அதில் உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்கள் மட்டுமே புதியவை. பெயின்ட்டைச் சுரண்டினால் அடியில் துரு. பழைய வாகன உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனால் பழைய மோட்டாரைப் பழையது என்று சொல்லியே குறைந்த விலைக்கு வாங்கியிருக்கலாம். பாசி நிறத்தில் உப்புப் பூத்திருந்த எர்த் ஒயரின் முனையைக் காட்டி, கோளாறே இங்குதான் இருந்திருக்க வேண்டும், வேலை செய்யும்போது ஒயர் அசைந்ததால்தான் அன்று கார் ஸ்டார்ட் ஆகியிருக்கும் என்றார் அவர். என் பழைய மோட்டார் நன்றாகவே இருந்திருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்க இப்போது அது என்னிடம் இல்லை. ரிங் கியரும் கெட்டிருந்தால், அதை மாற்றக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் படம் எடுத்து அந்தச் செயலி நிறுவனத்துக்கு அனுப்பியதற்கு வந்த பதில்: வெளி மெக்கானிக் திறந்துவிட்டதால் வாரண்டி ரத்து. இணையவழி வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அதை எழுதிக் கேட்டதற்குப் பதிலே வரவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். 9,400 ரூபாய் திரும்பி வரும்வரை விடப் போவதில்லை.

விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. செல்ஃப் எடுக்கவில்லை என்றால் முதலில் பேட்டரியையும் எர்த் ஒயரையும் சோதிக்கச் சொல்லுங்கள். முழு சார்ஜில் ஓய்வில் இருக்கும் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். நெகட்டிவ் ஒயரைக் கழற்றாமல் கைவைக்க விடாதீர்கள். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துப் பினியன் பற்களை எண்ணி, இரண்டும் ஒன்றுதானா என்று பாருங்கள். பார்ட் எண் இல்லாத பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பழைய மோட்டாரை யார் கேட்டாலும் கொடுத்தனுப்பாதீர்கள்.