விடுமுறை நாள்: கடைவீதியா, அடுப்படியா?

கடைவீதியில் சும்மா சுற்றுவது சுகம்தான். எதையும் வாங்காமல் துணியைத் தொட்டுப் பார்க்கலாம், வேடிக்கை பார்க்கலாம். ஆனால் வாங்கிய பொருளின் புதுமை சீக்கிரம் பழகிவிடும். கூட்டமும் வரிசையும் வேறு.

எனக்குச் சமையல்தான் ஒருபடி மேல். வேலை நாளில் வெங்காயத்தைப் பெருந்தீயில் அவசரமாக வதக்குகிறோம். ஓரம் கருகும், பச்சை வாடை போகாது. விடுமுறையில் சிறுதீயில் முக்கால் மணி நேரம் விடலாம். முதலில் நீர் வற்றும். அதன்பிறகுதான் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வெங்காயத்திலேயே உள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் (புரதத்தின் சிறு கூறுகள்) வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் கூடும். அந்த மணத்துக்கே வீட்டில் உள்ளவர்கள் கூப்பிடாமல் அடுப்படிக்கு வந்துவிடுவார்கள். கைக்கு வேலை, வாய்க்குப் பேச்சு! கடைக்கு, சமையலுக்கு வேண்டியதை வாங்க மட்டும், கூட்டம் சேருமுன் காலையிலேயே போய்வருவேன்.