கிமுராவா, நாக்காவா?

போன்சாய், அதாவது தொட்டியில் குட்டிமரம் வளர்க்கும் கலையைக் கற்க ஜப்பானின் ஓமியாவில் மசாஹிகோ கிமுராவிடம் சேர்ந்தால் ஆண்டுக்கணக்கில் தோட்டத்திலேயே கிடக்க வேண்டும். அமெரிக்கரான ரயன் நீல் அப்படி ஆறு ஆண்டுகள் இருந்தார். கிமுராவின் கைவண்ணம் ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரத்தில் தெரியும்: பட்டுப்போன பகுதியை மின்கருவியால் செதுக்கி வெள்ளையாக்குவார், பக்கத்திலேயே உயிருள்ள பட்டை மட்டும் பழுப்பு நரம்புபோல முறுக்கி ஏறும். பார்த்தால் கண் நகராது.

லாஸ் ஏஞ்சலஸின் ஜான் நாக்கா (1914–2004) அப்படியல்ல. ஊர் ஊராகப் போய், வேலைக்குப் போகிறவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். அவருடைய ‘கோஷின்’ 11 ஜூனிப்பர்கள் சேர்ந்த குட்டிக்காடு. பேரப்பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒரு மரம். 1984-இல் அதையும் கொடுத்துவிட்டார். இப்போது வாஷிங்டனில் யாரும் பார்க்கலாம்.

சரி, தொழிலாகவே எடுப்பவருக்குக் கிமுராவின் வழி. மொட்டைமாடியில் நாலு தொட்டி வைத்திருக்கும் நமக்கு நாக்காதான்.